முறைப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையில்

2025 ஏப்ரல் 29 ஆம் திகதி கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மாணவி உயிரிழந்தாள். 2024 ஒக்டோபரில், பம்பலப்பிட்டியில் அவள் அப்போது படித்துக்கொண்டிருந்த மகளிர் பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்பது அவளுடைய முறைப்பாடு. அது பொலிஸில் பதிவானது. ஆசிரியர் கைதானார்; நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. பிள்ளை வேறு பாடசாலைக்குப் போனாள். பிறகு, படிக்கப்போன ரியூட்டரியில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அதே விடயத்தைச் சொல்லிக்காட்டி அவமானப்படுத்தப்பட்டாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மே முற்பகுதியில் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் சனம் வீதிக்கு வந்தது, பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. அதுவரை இன்னொரு பாடசாலைக்கு இடமாற்றம் மட்டும் பெற்றிருந்த அந்த ஆசிரியரைக் கல்வி அமைச்சு கட்டாய விடுமுறையில் அனுப்பியது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான்.

பிள்ளையின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது இந்த நாட்டில் தண்டனைச் சட்டக் கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தண்டனைக்குரிய குற்றம். அவளுடைய படத்தை நாமெல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம், பதாகைகளில் பார்த்தோம். அன்போடு பகிர்ந்தவர்களும் சேர்ந்தே அந்தச் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்தோம். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் குற்றவாளிகளா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு இளம் உயிர் ஏன் போனது என்பதற்கும் ஒற்றைக் காரணம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை, சொல்லவும் கூடாது. இங்கே நான் விசாரிக்க விரும்பும் தரப்பு வேறு. முறைப்பாடு அரசின் காதில் விழுந்த நாளிலிருந்து அவள் உயிர்போன நாள் வரை மாதக்கணக்கில் காலம் ஓடியது. அந்தக் காலத்தில் அரசு தன் கடமையைச் செய்ததா?

அளவுகோலை முதலில் வைப்போம். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 ஜூலையில் ஏற்றது. அடுத்த ஆண்டே சிறுவர் பட்டயம் வெளிவந்தது. துன்புறுத்தலிலிருந்து பிள்ளையைக் காக்கச் சட்டமும் நிர்வாகமும் சமூக ஏற்பாடுகளும் வேண்டும் என்கிறது சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரை. அதிகம் பேசப்படாதது 39 ஆம் உறுப்புரை: துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் மீண்டு, மறுபடி சமூகத்தில் கலந்து வாழ்வதற்கு அரசு எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும், அந்த மீட்சி பிள்ளையின் சுயமரியாதையும் மாண்பும் வளரும் சூழலில் நடக்க வேண்டும். நமது அரசியலமைப்பின் 27(13) ஆம் உறுப்புரையும் பிள்ளைகளின் நலனை அரசு விசேட கவனத்துடன் பேண வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டிக் கோட்பாடு. 29 ஆம் உறுப்புரை அதை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று கதவை மூடிவிடுகிறது.

சட்டம் இயற்றிய கணக்கைப் பார்த்தால் இலங்கையைக் குறைத்துப் பேச இடமில்லை. 1995 இன் 22 ஆம் இலக்கத் திருத்தம் சிறுவருக்கு எதிரான கொடுமையையும் பாலியல் சுரண்டலையும் தனிக் குற்றங்களாக்கித் தண்டனையைக் கூட்டியது. சிறுவர் நல வைத்தியப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா போன்றவர்கள், வைத்தியசாலைக் கட்டில்களில் கண்டதை வெளியே சொல்லத் துணிந்ததால், 1996 இல் ஜனாதிபதி செயலணியும் 1998 இன் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் உருவாயின. டி சில்வாவே அந்த அதிகார சபையின் முதல் தலைவர். 1999 இல் பிள்ளையின் சாட்சியத்தை வீடியோவில் பதிவுசெய்து ஏற்க வழி வந்தது. 2006 இல் ஒரு இடத்தின் பொறுப்பாளர், அங்கே சிறுவர் துன்புறுத்தல் நடப்பதை அறிந்தால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை சேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015 இல் வந்து, 2023 இல் புதுப்பிக்கப்பட்டது. 1929 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. தெற்காசியாவில் இவ்வளவு முன்கூட்டி இவ்வளவு செய்த நாடு அதிகம் இல்லை. இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

குறையே இல்லை என்று அர்த்தமல்ல. அந்த மாணவி இறந்தபோதும் நடைமுறையிலிருந்த சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939 இல் எழுதப்பட்டது. அது எழுதப்பட்டபோது 14 வயதுக்குக் கீழே சிறுவர், 16 வரை இளம் ஆள், அதற்கு மேல் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளையே இல்லை. நீண்ட காலம் நாட்டின் ஒரே சிறுவர் நீதிமன்றமாக இருந்தது நமது பம்பலப்பிட்டியில் இயங்கியதுதான். பின்னர் அது பத்தரமுல்லைக்குப் போனது. இத்தனை ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அத்தகைய நீதிமன்றங்கள். ஆனாலும் என் வழக்கு சட்டத்தின் போதாமை பற்றியதல்ல. இருக்கும் சட்டம் முழுதாக இயங்கியிருந்தாலும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்திருக்கமாட்டார் என்பதுதான்.

முறைப்பாடு செய்யும் ஒரு பிள்ளை நடக்கும் பாதையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் அம்மாவிடம் சொல்கிறாள், அல்லது வைத்தியரிடம் சொல்கிறாள். பிறகு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் ஒரு மேசை. கதவு திறந்தே இருக்கும். வேறு முறைப்பாட்டுக்கு வந்தவர்கள் வாங்கில் காத்திருப்பார்கள். அங்கே ஒரு தரம் முழுவதும் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அடுத்த தரம். மனநல வைத்தியரிடம் அனுப்பினால் மறுபடியும். அதிகார சபையிடம் போவதென்றால் காலி வீதியிலிருந்து மாதிவலை வரைக்கும் பஸ் மாறிப் போக வேண்டும். நன்னடத்தை அதிகாரி, பாடசாலை நிர்வாகத்தின் உள் விசாரணை, கல்வி வலயத்திலிருந்து வரும் அதிகாரி, கடைசியில் நீதிமன்றம். ஒவ்வொரு இடத்திலும் கேள்வி முதலிலிருந்து தொடங்கும். எங்கே தொட்டார், நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று. கேட்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தன் படிவத்தை நிரப்புகிறார். படிவம் நிரம்பியதும் அவருடைய வேலை முடிந்துவிடுகிறது.

இதில் மொழி வேறு. தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனையில் தமிழில் முறைப்பாடு சொல்லி, அது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். காணாமற்போன அடையாள அட்டைக்கு அது பரவாயில்லை. தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்லும் சிறுமிக்கும் தாய்க்கும் நடுவில் மூன்றாம் ஆள் நின்று மொழிபெயர்ப்பது வேறு. வெட்கத்தோடு அரைகுறையாகச் சொன்னது மொழிமாறும்போது இன்னும் அரைகுறையாகும். மேல் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கும் நாளில் அந்த இடைவெளிக்குள்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கைவைப்பார்.

ஆசிரியரின் இடமாற்றத்தை இந்த விவகாரத்தின் மையமாகவே பார்க்கிறேன். அரச உத்தியோகத்தர் ஒருவர் மீது குற்றவியல் நடவடிக்கை தொடங்கினால் அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்துவதற்குத் தாபனக் கோவையில் ஏற்பாடு உண்டு. அது தண்டனை அல்ல. நிரபராதி என்ற அனுமானத்தைக் கெடுப்பதும் அல்ல. விசாரணை முடியும்வரை பிள்ளைகளிடமிருந்து விலகியிரும் என்பது மட்டுமே. இடமாற்றம் அப்படியல்ல. இந்தப் பாடசாலையின் பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்கலாம் என்று நம்பியதால்தானே இங்கிருந்து அனுப்பினார்கள்? அப்படியானால் அங்கே போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? ஆபத்து இல்லை என்று நம்பியிருந்தால் இடமாற்றம் எதற்கு? இரண்டில் எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தக் கடிதத்தை நியாயப்படுத்த முடியாது. பாடசாலையின் பெயரையும் நிர்வாகத்தின் அமைதியையும் காப்பதுதான் அந்த முடிவின் பயன். ஒரு பிள்ளை உயிரிழந்து, சனம் வீதியை மறித்த பிறகு கட்டாய விடுமுறை சாத்தியமானது என்றால், அதற்கு முன்பும் அது சாத்தியமாகவே இருந்தது.

முறையிட்டவளும் இடம் மாறினாள். பம்பலப்பிட்டி திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்துக்குரியது. இரண்டு பொலிஸ் பிரிவுகள். ஒரு பிரதேச செயலகத்துக்குள்ளேயே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒரு திணைக்களத்தின் ஆள், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் அதிகார சபையின் ஆள். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்துக்குரியவை, ஆனால் அதே பெயரில் மத்தியிலும் ஒரு திணைக்களம் உண்டு. பாடசாலைகளிலும் தேசியப் பாடசாலை அமைச்சுக்கு, மற்றவை மாகாணத்துக்கு. இவ்வளவு பேர் இருந்தும், பிள்ளை பாடசாலை மாறிய அன்று புதிய அதிபரிடம் போய், இந்தப் பிள்ளையைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்தால் போதும், இதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது, வாரம் ஒரு தரம் நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லும் ஒற்றை மனிதர் யார்? எந்தச் சட்டமும் அவரைப் பெயர்சொல்லி நியமிக்கவில்லை. அத்தனை அலுவலகங்களிலும் அவள் ஒரு கோப்பாக இருந்தாள். எந்த மேசையின் பொறுப்பிலும் அவள் ஒரு பிள்ளையாக இருக்கவில்லை.

கொழும்பு இதை முன்பும் பார்த்தது. 2021 ஜூலையில், முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைசெய்த டயகமத் தோட்டத்துச் சிறுமி, 16 வயது, தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். கைதுகள் நடந்தன, வழக்கு நீதிமன்றம் போனது. அதில் நான் நுழையவில்லை. ஆனால் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 இலேயே சட்டமான நாட்டில், மலையகப் பிள்ளை ஒருத்தியின் பெயர் பாடசாலை வரவேட்டிலிருந்து மறைந்து கொழும்பு வீட்டின் சமையலறைக்கு வந்துசேரும்போது அதைக் கவனிக்க வேண்டிய கை எது? அப்போதும் சனம் வீதிக்கு வந்தது, அமைச்சர்கள் பேசினார்கள், விசேட பொலிஸ் குழுக்கள் போயின. பிறகு எல்லாம் தணிந்தது.

அரசின் பக்கம் நின்று சொல்லக்கூடியவையும் உண்டு. பிள்ளையை அவமானப்படுத்தியது ஊர்தானே, அரசு என்ன செய்யும் என்று கேட்கலாம். அதில் பாதி உண்மை. நம் சமூகத்தின் பங்கை நான் மறைக்கமாட்டேன். பாடசாலையின் பேர் கெட்டுவிடும், பொம்பிளைப் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும், ஏன் கோடு கச்சேரி என்று போகிறீர்கள் என்று நாமே சொல்கிறோம். பழைய மாணவர் சங்கமும் கோயில் நிர்வாகமும் அபிவிருத்திச் சங்கமும் ஒரே ஆட்களாக இருக்கும் கொழும்புத் தமிழ் வட்டத்தில் முறைப்பாடு செய்த குடும்பம் தனித்துப்போவது சாதாரணம். ஆனால் பிள்ளைக்குச் சமூகம் பகையாக மாறும் நேரத்தில்தான் அரசின் கடமை கூடுகிறது. சமூகம் தானாகவே அரவணைக்குமென்றால் 39 ஆம் உறுப்புரையே தேவையில்லையே.

ரியூட்டரியை எடுங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. பாடசாலை முடிந்து சீருடையோடே போகிறார்கள். சனி ஞாயிறும் போகிறார்கள். ஆனால் ஒருவர் மண்டபம் எடுத்து, மதிலில் சுவரொட்டி ஒட்டினால் நாளைக்கே வகுப்புத் தொடங்கலாம். படிப்பிப்பவர் பற்றி நன்னடத்தைச் சான்று கேட்டு உரிமம் வழங்கும் தேசிய ஏற்பாடு இல்லை. பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூட அந்த வாசலைத் தாண்டாது. பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் எந்த நிறுவனமும் உரிய அதிகாரிகள் வகுத்த தராதரத்துக்கு அமைய இயங்குவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது சமவாயத்தின் 3(3) ஆம் உறுப்புரை. தனியார் இடம், நமக்கு அதிகாரமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது. அதிகாரத்தை எடுத்துக்கொள்ளாமல் விட்டதே அதன் தவறு.

அப்படியானால் ஒரு ஆசிரியரின் செயலுக்கு அரசைக் குற்றம் சொல்வது சட்டத்தில் நிற்குமா? நிற்கும். 2021 பெப்ரவரியில், ஆசிரியர் அறைந்ததால் செவித்திறன் பாதிக்கப்பட்ட தென்மாகாண மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அந்தத் தீர்ப்பு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகக் கண்டு, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த உத்தரவிட்டது. அறைந்தவரைவிட அரசுக்கே பெரிய தொகை. வகுப்பறைக்குள் நடப்பது அரசின் வீட்டுக்குள் நடப்பது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

பணமில்லை என்ற வாதத்துக்கு 2022 இன் வங்குரோத்துக்குப் பிறகு கனம் கூடியிருக்கிறது. ஆனால் நான் கேட்பது புதிய கட்டடமல்ல. மற்ற நாடுகள் கண்ட வழிகள் பெரும்பாலும் இருக்கும் ஆட்களை ஒழுங்குபடுத்தியவை. ஐஸ்லாந்து 1998 இல் பிள்ளைகளுக்கென ஒரு வீட்டைத் திறந்தது. பிள்ளை அங்கே ஒரே ஒரு தரம், பயிற்சி பெற்ற ஒருவரிடம் சொல்கிறது. பொலிஸ், வழக்குத் தொடுநர், நீதிபதி எல்லோரும் அடுத்த அறையிலிருந்து கேட்கிறார்கள். பக்கத்தில் இந்தியாவில், பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவரைக் காக்கும் 2012 இன் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த 2020 விதிகள், முறைப்பாடு செய்த பிள்ளைக்கு வழக்கு முடியும்வரை கூடவே நிற்கும் ‘ஆதரவு நபர்’ ஒருவரை நியமிக்க வழிசெய்கின்றன. அங்கும் அது தாளிலேயே தூங்கியதால் 2023 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்குக் கட்டளையிட வேண்டியிருந்தது. அந்த முறை பூரணமானது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கேட்பதற்கு அங்கே ஒரு விதி இருந்தது, நீதிமன்றம் பிடித்து இழுக்க ஒரு நுனி இருந்தது. நமக்கு அந்த நுனியே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. சட்டம் இயற்றும் கடமையை இலங்கை அரசு பெருமளவு செய்திருக்கிறது. குற்றத்தைப் பதிந்து கைதுசெய்யும் கடமையை, தாமதத்தோடும் மொழிக் குறையோடும், செய்துகொண்டிருக்கிறது. சொன்ன பிள்ளையைத் தாங்கும் கடமையை இன்னும் தன் கடமையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாணவி விடயத்தில் அரசு தவறியது வாய்பேசாத ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாமல் அல்ல. அவள் வாய்திறந்தாள், பெற்றோர் கூடநின்றார்கள், பொலிஸ் எழுதியது, நீதிமன்றம் பார்த்தது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அத்தனையையும் அவள் செய்திருந்தாள். அதனால்தான் இந்தத் தவறு மற்றவற்றைவிடப் பாரதூரமானது. முறைப்பாடு வரவில்லை, எங்களுக்குத் தெரியாது என்ற வழக்கமான பதில் இங்கே செல்லாது. ஒரு அலுவலகத்துக்குச் சொன்னது அரசுக்குச் சொன்னது. மற்ற அலுவலகங்களுக்கு அதைக் கொண்டுபோகும் வேலை தாயுடையதல்ல.

இதற்கான திருத்தம் சிறியது, ஆனால் கட்டாயமாக இருக்க வேண்டும். முறைப்பாடு பதிவான 24 மணி நேரத்துக்குள், பிள்ளையின் மொழி பேசும் உத்தியோகத்தர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போனாலும் அவர் மாறக் கூடாது. பாடசாலை மாற்றம், வைத்தியம், நீதிமன்றத் திகதி எல்லாவற்றிலும் அவர் கையொப்பம் இருக்க வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே, அவருக்கு மேலே ஒரே ஒரு நிறுவனம். அதை அதிகார சபையின் சட்டத்திலேயே எழுத வேண்டும். சுற்றறிக்கையாக வந்தால் அது அடுத்த சுற்றறிக்கை வரும்வரை.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2000 இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, லேமிங் பிரபு தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 2003 இல் வந்த அறிக்கை, பொலிஸும் வைத்தியசாலைகளும் சமூக சேவைப் பிரிவுகளும் அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 தருணங்களைப் பட்டியலிட்டது. அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு இங்கிலாந்து தன் சிறுவர் சட்டத்தை மாற்றியது. 2025 மே மாதத்தில் இங்கேயும் விசாரணைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் கண்டதைப் பிள்ளையின் அடையாளத்தையும் குடும்பத்தின் அந்தரங்கத்தையும் நீக்கிவிட்டுப் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும்: எந்த அலுவலகம் எந்தத் திகதியில் அறிந்தது, அறிந்த பிறகு என்ன செய்தது, ஒரு தரமாவது யாராவது அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தார்களா, அந்த இடமாற்றக் கடிதத்தில் கையொப்பமிட்டது யார்.